யாருக்கும் சொல்லாதே என்றால் போதுமா?

எமது மாதர் சங்கக் கூட்டமொன்றிலே ஒரு தாய் எழுந்து நின்று, "நான் ஒரு பிழை விட்டிட்டன்" என்று பேசத் தொடங்கினார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை, இருந்துவிட்டார். கூட்டம் கலைந்து, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த வேளையிலேதான் நடந்ததைச் சொன்னார்.

வெளிநாட்டில் இருக்கும் மருமகளிடமிருந்து அவருடைய வாட்ஸ்அப்பிற்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. "மாமி, என்ர ஆறு இலக்கம் ஒன்று பிழையாய் உங்கட போனுக்கு வந்திட்டுது, அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ." படமும் மருமகளின் படம், பெயரும் மருமகளின் பெயர். சொன்னபடி ஆறு இலக்கமும் குறுஞ்செய்தியாக வந்திருந்தது. அனுப்பிவிட்டார். சற்று நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் வேலை செய்யாமல் நின்றது. அன்று மாலையே அவர் பெயரில் சங்க அங்கத்தவர்கள் பலருக்கும் செய்தி போயிற்று: அவசரச் செலவு, 25,000 ரூபா தேவை, நாளை மறுநாள் தருகிறேன், இந்தக் கணக்கிலே போட்டுவிடுங்கள். இருவர் போட்டார்கள். ஒருவர் போட்டது சீட்டுக் காசு.

இதிலே எம்மை அதிகம் வருத்தியது பணம் போனது அல்ல. பணம் போட்ட இருவரும் கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு கிழமை பேசாமல் இருந்தார்கள். "அவசரத்துக்கு வாங்கின மனிசியிட்ட எப்படித் திருப்பிக் கேட்கிறது?" என்று ஒருவர் எண்ணினார். அந்தத் தாயோ, தன்னை முட்டாள் என்று ஊர் சொல்லும் என்ற பயத்திலே வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு கிழமைக்குள் அவரது தொலைபேசியில் இருந்த பெயர்கள் வழியாக அதே செய்தி பக்கத்துக் கிராமத்துக்கும் போய்விட்டது. திருடனுக்குக் கணனி அறிவு உதவியதிலும் பார்க்க எங்கள் கூச்சம் அதிகம் உதவியது.

நடந்தது என்ன என்பதை விளக்கினால் பயம் பாதி குறையும். வாட்ஸ்அப் கணக்கு என்பது ஒரு தொலைபேசி இலக்கத்தோடு கட்டப்பட்டது. வேறொருவர் தம்முடைய தொலைபேசியில் உங்கள் இலக்கத்தை அடித்து, "இது என் இலக்கம்" என்று சொல்லலாம். அப்போது உண்மையைச் சோதிப்பதற்காக உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்கங்கள் அனுப்பப்படும். அவற்றை யார் அறிகிறாரோ அவரே சொந்தக்காரர் என்று அந்த இயந்திரம் நம்பும். மருமகளின் கணக்கும் இதே வழியில்தான் முன்னரே பறிபோயிருந்தது. ஆகவே அந்தத் தாய் ஏமாந்தது முகம் தெரியாத ஒருவரிடம் அல்ல, தம் மருமகளின் முகத்திடம்.

அவர் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தம் இலக்கத்தைக் கொண்டே வாட்ஸ்அப்பில் மீண்டும் பதிந்தால், புதிதாக ஆறு இலக்கம் அவருக்கே வரும். அதை இட்டவுடன் திருடன் வெளியே தள்ளப்படுவான். திருடன் அதற்குள் இரண்டாவது பூட்டொன்றைப் போட்டிருந்தால் ஏழு நாட்கள் பொறுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அந்த நாட்களில் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. அந்த இரண்டாவது பூட்டை நாமே முன்கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். அமைப்புகளுக்குள் கணக்கு என்ற பகுதியில் இரண்டு படிநிலைச் சரிபார்ப்பு என்று இருக்கிறது. நாமே தெரிந்த ஆறு இலக்கம் ஒன்றைக் கொடுத்து வைத்தால், குறுஞ்செய்தியில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உள்ளே வர முடியாது. செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை.

வங்கிகளும் அரச நிறுவனங்களும் அறிவுறுத்தாமல் இல்லை. "இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், சுவரிலே ஒட்டுகிறார்கள். பல வேளைகளில் ஆங்கிலத்தில். தமிழில் வந்தாலும் சிலவற்றை வாசித்து விளங்க இன்னொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அது ஒருபுறம் இருக்க, எமது குறை வேறு. இந்த அறிவுரை தனக்கென்று ஒரு தொலைபேசி, தனக்கென்று ஓர் அறை, ஆங்கிலம் வாசிக்கும் கண் ஆகியவை உள்ள மனிதருக்காக எழுதப்பட்டது. எங்கள் கிராமங்களிலே ஒரு தொலைபேசியை மூன்று குடும்பம் பாவிக்கிறது. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளையின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய தொலைபேசியிலேதான் இன்று தாயின் வங்கிக் கணக்கும் இருக்கிறது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கே வருகிறது. வந்துவிட்டதா என்று பார்க்கத் தெரியாத முதியவர் ரீலோட் கடைத் தம்பியிடம் தொலைபேசியை நீட்டுகிறார். அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான். ஆனால் கடையில் இருக்கும் அப்பியாசக் கொப்பியிலே முப்பது பேரின் பெயரும் இரகசிய இலக்கமும் எழுதி வைத்திருக்கிறார், ஆச்சிமார் மறந்துபோவார்கள் என்பதற்காக. இவரிடம் போய் "யாருக்கும் சொல்லாதே" என்றால் என்ன பொருள்?

அந்தக் கொப்பியை ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. பாதிப் பேரின் இலக்கம் பிறந்த ஆண்டு. எங்கள் தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பவை. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுபவை, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க முறையில் முதல் நான்கு எண்களும் பிறந்த ஆண்டு. அடையாள அட்டைப் பிரதி கேட்காத கந்தோர் இந்த நாட்டில் உண்டா? பிரதி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் அந்த ஆச்சியின் பூட்டும் இருக்கிறது.

கடைத் தம்பியை ஒதுக்கிவிடச் சொல்வது தீர்வாகாது என்பது எமது கருத்து. உதவி தேவைப்படும் மக்களுக்கு உதவியாளரும் தேவை. ஆனால் அந்த உதவிக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு சங்கமும் தன்னுள் இருவரை, முடிந்தால் ஒருவர் பெண்ணாக, தெரிந்து பழக்கலாம். தொலைபேசியை உதவியாளர் பிடிக்கலாம். இரகசிய இலக்கத்தை மட்டும் சொந்தக்காரரின் விரலே அழுத்த வேண்டும், அப்போது உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கொப்பியில் எழுதுவதில்லை. மறந்துபோகும் என்றால் வீட்டுப் பெட்டியில், காணி உறுதி இருக்கும் இடத்தில், எழுதி வைக்கட்டும். திருடன் கடல் கடந்து வந்து அந்தப் பெட்டியைத் திறக்கப் போவதில்லை. நகரத்து நிபுணர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

முதியவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் விதி மிக எளிமையானது: பணம் உங்களுக்கு வருவதற்கு ஒரு இரகசிய இலக்கமும் தேவையில்லை. கணக்கு இலக்கமும் பெயரும் போதும். "உங்களுக்கு உதவிப் பணம் வந்திருக்கிறது, தொலைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று எவராவது கேட்டால், அவர் பணம் தருபவர் அல்ல, எடுப்பவர்.

இணைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பொதி வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, சிறு தொகை கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரிலே போலிச் செய்திகள் உலாவின. அத்திணைக்களமே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் போலியைத் தமிழைக் கொண்டு கண்டுபிடிக்கலாம், அவ்வளவு எழுத்துப் பிழை இருக்கும். இப்போது இயந்திரமே நல்ல தமிழ் எழுதிக் கொடுக்கிறது. அந்த அடையாளத்தை நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது முகவரியை. முன்னால் நிற்கும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன் பின் வரும் முதலாவது சாய்கோடு வரை வாசியுங்கள். எங்கள் தபால் திணைக்களமானால் அந்த இடத்திலே, சாய்கோட்டுக்குச் சற்று முன்னர், கவ் டொட் எல்கே என்று முடிய வேண்டும். தபால் என்ற சொல் முகவரியின் வேறெங்காவது இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. ஆங்கில எழுத்துத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருமுறை காட்டிக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

இளம் பெண்களின் விடயம் இதனிலும் பாரதூரமானது. பழுது பார்க்கக் கொடுத்த தொலைபேசியிலிருந்தோ, நம்பி அனுப்பியவரிடமிருந்தோ படம் வெளியே போய்விடுகிறது. பிறகு பணம் கேட்டு மிரட்டல். பணம் கொடுத்தவர்களிடம் மிரட்டல் நின்றதாக நாம் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டாம் முறை கூடுதலாகக் கேட்பார்கள். பிள்ளை முதலில் பயப்படுவது அந்த மனிதனுக்கல்ல, வீட்டாருக்கு. "போனை உடைச்சுப் போடு, படிப்பை நிற்பாட்டு" என்று ஆரம்பிக்கும் தகப்பன்மார் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், அவையே சாட்சி. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரானால் 1929, பெண்களானால் 1938 என்ற இலக்கங்களில் பேசலாம். பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்காக 2021 இல் ஸ்டொப் என்சிஐஐ என்னும் சேவை தொடங்கப்பட்டது. அதிலே படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தை மட்டும் கொடுத்து, சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்களில் அப்படம் ஏறாமல் தடுக்க முயலலாம்.

பணம் போனவர்கள் முதலில் பேச வேண்டியது வங்கியோடு; அதுவும் அட்டையின் பின்புறத்தில் இருக்கும் இலக்கத்தில், குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தில் அல்ல. கணக்கு விட்டுக் கணக்குப் பணம் சில வினாடிகளில் ஓடுகிற காலம் இது. பிறகு பொலிஸ் முறைப்பாடு. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் இருக்கிறது. தமிழிலே முறைப்பாடு எழுதக் கேட்பது எமது உரிமை. கணக்குப் பறிபோனால் இலங்கை கணனி அவசரப் பிரிவின் 101 இலும், வங்கி சரியாகப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலும் கேட்கலாம்.

கடைசியாக, எம்மைப் போன்ற அபிவிருத்தி நிறுவனங்களின் பிழையையும் சொல்லாமல் விட முடியாது. கோழிக்குஞ்சு கொடுத்தாலும் கிணறு திருத்திக் கொடுத்தாலும் அடையாள அட்டைப் பிரதி, தொலைபேசி இலக்கம், கையெழுத்து, படம் என்று வாங்குகிறோம். பயனாளிகளின் படத்தைப் பெயரோடு முகநூலில் போடுகிறோம், உதவியவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது; அதை எங்களில் எத்தனை பேர் வாசித்தோம்? இந்தப் பெண்ணுக்கு உதவி கிடைத்திருக்கிறது, இவர் இந்த ஊர், இவர் விதவை என்று ஊருக்கெல்லாம் அறிவித்தவர்கள் நாம். தொலைபேசியில் கூப்பிட்டு "அம்மா, உங்கட உதவிப் பணத்தில ஒரு பிரச்சினை" என்று தொடங்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

எமது நிலைய அறிவித்தற் பலகையிலே கடன் பெற்றவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கடந்த வருடத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. கழற்றிவிட்டோம். பழைய அடையாள அட்டைப் பிரதிகள் ஒரு மேசை நிறைய இருக்கின்றன. எவை இன்னும் தேவை என்று பார்த்து மற்றவற்றை எரிக்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். கடைத் தம்பி கொப்பியின் அந்தப் பக்கங்களைக் கிழிக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் முப்பது பேரும் புது இலக்கம் மாற்றும்வரை தனக்குத் தொல்லைதான் என்கிறார், அதுவும் உண்மை. பணம் போட்ட இருவரும் முறைப்பாடு எழுத வந்தார்கள். சீட்டுக் காசு இன்னும் திரும்பவில்லை.