குண்டு திசை மாறலாம். பொறுப்பும் திசை மாறலாமா?



காஞ்சிக்கு அண்மையில் உள்ள முசரவாக்கத்திலிருந்து இதனை எழுதுகிறேன். பட்டு நெசவின் புகழ் பரவிய வட்டாரம் இது. இங்கே எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்: ஓடும் நாடா என்றேனும் ஒரு நாள் எகிறும் என்பதை அவர் அறிவார். எகிறிய நாடா பாவை அறுக்கும்; விசைத்தறியிலே எகிறினால், ஆளின் கண்ணையே பறிக்கும். அதனாலன்றோ, 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் பிறந்த விதிகள், எகிறும் நாடாவினால் வரும் ஆபத்தைக் குறைக்கத் தறிதோறும் காப்பு வேண்டும் என்று கட்டளையிட்டன! நாடா எகிறுவது விதியின் விளையாட்டு என்று சொல்லி எந்த ஆலை முதலாளியும் தப்பிவிட முடியாது. எகிறும் என்று தெரியும். தெரிந்தும் தடுப்பு வைக்கவில்லை. ஆகவே குற்றம் அவனுடையது. இதுதான் நீதி.

மரத்தால் ஆன நாடாவுக்கு இந்த நீதி. ஈயத்தால் ஆன குண்டுக்கு என்ன நீதி? இதுவே நான் உங்கள் முன் வைக்கும் வினா.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. பாட்டன் வீட்டில் உணவருந்திக் கொண்டிருந்தான் 11 வயதுச் சிறுவன் ஒருவன். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், பசுமலைப்பட்டித் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் குறி பார்த்துச் சுட்டுப் பழகிக் கொண்டிருந்தனர். அவர்கள் வைத்த குறி வேறு. குண்டு சென்று தைத்த இடம் அந்தப் பிஞ்சின் தலை! புதுக்கோட்டையிலும், பின்னர்த் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மருத்துவர்கள் போராடினர். 2022 சனவரி 3 அன்று அந்த விளக்கு அணைந்தது. பெயரை நான் எழுதப் போவதில்லை. பெற்றவளின் கண்ணீரை நம் கட்டுரைக்கு அணியாக்குதல் அறமன்று.

உடனே என்ன கேட்டோம்? "பாறையில் பட்டுத் தெறித்திருக்கலாம்", "எதிர்பாராத விபத்து", "யாருடைய துப்பாக்கியோ!" என்ற பேச்சுகள். மாநிலக் காவலரும் மத்தியப் படையினரும் பயன்படுத்தி வந்த தளம் அது. இருவர் பயன்படுத்தினால் பொறுப்பு இரட்டிக்க வேண்டும். இங்கோ, இருவருக்கும் நடுவே அது காணாமற் போகப் பார்க்கிறது!

தெறித்த குண்டு என்பதை ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொள்வோம். அதனால் குற்றம் குறைகிறதா? இல்லை, தோழர்களே; கூடுகிறது!

குளத்திலே தட்டைக் கல்லைச் சாய்த்து எறிந்து விளையாடாத பிள்ளை உண்டா? கல் மூழ்குவதில்லை, துள்ளித் துள்ளி ஓடுகிறது. குண்டின் இயல்பும் அதுவே. கருங்கல்லானாலும், இறுகிய தரையானாலும், நீரேயானாலும், சாய்வாகப் பட்டால் குண்டு புதைவதில்லை. திசை மாறிப் பறக்கிறது. வேகம் ஓரளவு குறைந்தாலும், உயிரைக் குடிக்கும் வலிமை அதில் எஞ்சியிருக்கலாம். குறித் தளத்தின் பின்னே குண்டு தாங்க எழுப்பப்படும் மண்மேட்டில் கல் கிடந்தால் தெறிக்கும். முன்பு சுட்ட குண்டுகளே அள்ளப்படாமல் அங்கே குவிந்து கிடந்தால், அவற்றின்மீது பட்டும் புதுக் குண்டு தெறிக்கும். துப்பாக்கிப் பயிற்சியின் அரிச்சுவடி இது. படித்த அதிகாரிகள் அறியாததன்று.

நார்த்தாமலை எப்படிப்பட்ட இடம்? விசயாலய சோழீச்சரம் நிமிர்ந்து நிற்கும் கருங்கற் குன்றுகளின் நாடு! பாறை சூழ்ந்த மண்ணில், குடிகள் வாழும் ஊர்களுக்கு நடுவே, குண்டு எட்டும் தொலைவிலே குறித் தளம் நடத்திவிட்டு, "தெறிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை" என்றால், வைக்கோற் போரின் பக்கத்தில் அடுப்பு மூட்டியவன் "தீ பரவும் என்று எண்ணவில்லை" என்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

எதிர்வாதம் செய்வோர் கேட்கிறார்கள்: "படையினர் பயிற்சி பெற வேண்டாமா? நாட்டைக் காப்பது எப்படி?" வேண்டும். பழகாத கையிலுள்ள துப்பாக்கி பகைவனைவிட நம்மையே அச்சுறுத்தும் என்பதை நாம் அறிவோம். நாம் மறுப்பது பயிற்சியை அன்று. ஏழையின் கூரையைக் குறித் தளத்தின் பின்சுவராக்கும் கொடுமையை! காப்பதற்குப் பழகும் குண்டு, காக்கப்பட வேண்டியவனையே கொல்லுமானால், காவல் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? பணக்காரர் மாளிகைகளை அடுத்து இத்தகைய தளத்தை அமைக்க எவரேனும் துணிவரா?

சிறுவன் மறைந்தபின் முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து 10 இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. நிலையாக மூடுக என்று மக்கள் குரல் எழுப்பினர். உதவியைக் குறை கூறவில்லை. ஆனால் உதவி வேறு, உரிமை வேறு. இராணுவப் பயிற்சிக்கென வெள்ளையன் ஆட்சி 1938 இல் இயற்றிய களப்பயிற்சிச் சட்டமே, பயிற்சியால் உடலுக்கோ உடைமைக்கோ கேடு வந்தால் இழப்பீடு தரப்பட வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. அடிமை நாட்டின் சட்டம் உரிமை என்று ஏற்றதை, விடுதலை நாட்டில் கருணை என்று வாங்கிக்கொள்வதா?

"கூடி நின்றால் ஆவதென்ன?" என்று சோர்வோர்க்கு ஒரு வரலாறு சொல்கிறேன். இன்றைய சார்க்கண்டின் நேதர்காட்டில், 1964 முதல் பழங்குடி மக்களின் ஊர்களுக்கிடையே பீரங்கிப் பயிற்சி நடந்து வந்தது. 1994 மார்ச்சில் மக்கள் திரண்டு வழிமறித்தனர். படை திரும்பிற்று. ஆயினும் அவர்கள் உறங்கிவிடவில்லை, ஆண்டுதோறும் கூடினர். 2022 ஆகஸ்டில் மாநில அரசு, அந்தக் களத்துக்கான அறிவிக்கையை இனி நீட்டிப்பதில்லை என முடிவெடுத்தது. காசுமீரத்துத் தோசமைதானிலும் 2014 இல் குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. கல்லெறியவில்லை, கலகம் செய்யவில்லை, கலையாமல் நின்றனர். வென்றனர்!

புதுக்கோட்டை தொலைவில் இருக்கிறது என்று காஞ்சித் தோழர்கள் எண்ணிவிட வேண்டாம். 2019 வரை நம் மாவட்டத்திலேயே இருந்து, இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள அனுமந்தபுரத்தின் காட்டிலும் துப்பாக்கிப் பயிற்சித் தளம் உண்டு. ஆகவே, கேட்பது நம் கடமை. ஊரை அடுத்த ஒவ்வொரு தளத்தையும், துறை சாராத வல்லுநர் குழு ஆய்வு செய்யட்டும். அறிக்கையைத் தமிழில் ஊராட்சி மன்றத்தில் ஒட்டட்டும். குண்டு எட்டும் எல்லையில் குடியிருப்பு இருப்பின், தளத்தை இடம் மாற்றுக; அல்லது மேலும் பக்கமும் தடுப்பு எழுப்பி மூடிய தளமாக்குக. மண்மேட்டில் கல்லையும் பழைய ஈயத்தையும் காலந்தோறும் சலித்து அகற்றுக. பயிற்சி நாளை முன்கூட்டியே ஊரறியச் சொல்லுக. இழப்பீட்டைச் சட்டத்தின் உரிமையாக்குக.

தோழர்களே, கிளைக் கூட்டத்தில் இதனைப் படியுங்கள். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். உங்கள் பக்கத்துத் தளத்துக்கும் கடைசி வீட்டுக்கும் இடையே தொலைவு எவ்வளவு என்று அளந்து எழுதி, ஆட்சியரிடம் கொடுங்கள்.

பாறையில் பட்ட குண்டு திசை மாறும், அது இயற்கை. ஆட்சியின்மீது பட்ட கேள்வி திசை மாறக் கூடாது. மாறவிடாமல் பிடித்து நிறுத்துவது நம் வேலை!