காட்மாண்டுவின் பழந்துப்பாக்கிகள்

காட்மாண்டு நகரத்து லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனையில், நேபாள ராணுவம் உபயோகத்திலிருந்து நீக்கியும் எறிந்துவிடாமல் அடுக்கி வைத்திருந்த பல்லாயிரம் துப்பாக்கிகள், 2003-ஆம் ஆண்டு அமெரிக்க வியாபாரிகளுக்கு விற்கப்பட்டு, இன்று பல தேசங்களில் தனி மனிதர் இல்லங்களில் சிதறிக் கிடக்கின்றன. சிதறியவை இனி ஒன்று சேரப் போவதில்லை. வாங்கியவர்கள் அவற்றுக்குச் செய்யும் ஜீர்ணோத்தாரணமே எனக்குப் பெருங்கவலை தருகிறது.

தூசியும் இறுகிப்போன கொழுப்பும் மூடிய ஒரு மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியைக் கையில் எடுத்தவருக்கு, அதைப் புத்தம் புதியதாய்ப் பளபளக்கச் செய்யும் ஆசை எழுவது இயற்கையே. ஆயினும், உப்புத்தாளும் சுழலும் கம்பித் தூரிகையும் துருவோடு நிற்பதில்லை. அத்துப்பாக்கி எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்பதைத் தெரிவிக்கும் தேவநாகரி எழுத்துக்களையும் எண்களையும் சேர்த்தே தேய்த்துவிடும். இங்கிலாந்தில் செய்த ஆயுதம் நேபாளத்தில் வாழ்ந்தது என்பதற்கு அதன் மேலேயே உள்ள சாட்சியம் அதுதான். துரு மேலும் பரவாதபடி எண்ணெயும் மெல்லிய துணியும் கொண்டு பொறுமையாகத் துடைத்து, அங்கே நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

சுடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் ஏற்றுக்கொண்ட அந்தத் துப்பாக்கியின் தோட்டாவில் 85 கிரெயின், அதாவது சுமார் ஐந்தரை கிராம், கருப்பு வெடிமருந்து இருந்தது; அது தோளில் கொடுக்கும் உதையையும், கண்ணை மறைக்கும் புகையையும், தொடர்ந்து சுட்டால் கை வைக்க முடியாதபடி குழல் கொதிப்பதையும் அனுபவித்தவருக்கே, அக்காலச் சிப்பாய்கள் சிலர் அதற்குத் தோலுறை தைத்துக்கொண்ட காரணம் முற்றும் விளங்கும். ஆனால் 1813 முதல் பர்மிங்ஹாமில் நடந்துவரும் துப்பாக்கிப் பரிசோதனைச் சாலை போன்ற ஓரிடத்தில், வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டுச் சோதித்துத் தேறிய குழலுக்கே அந்த உரிமை உண்டு. புகையில்லாத நவீன வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்குமாறு அக்குழல்கள் செய்யப்படவில்லையாதலால், அதை ஒருபோதும் இடலாகாது. சுட்டு முடிந்ததும் வெந்நீரால் கழுவிவிடவும் வேண்டும். கருப்பு மருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து, விரைவிலேயே குழலை அரிக்கத் தொடங்கிவிடும்.

அதே அரண்மனையிலிருந்து வந்த கஹேந்திரா துப்பாக்கியின் விஷயம் வேறு. ராணா குலத்தவரான கஹேந்திர ஷம்ஷேர் வகுத்த அமைப்பில், நேபாளக் கைவினைஞர்கள் அரத்தால் ராவி ராவிப் பொருத்திய அத்துப்பாக்கி, பார்வைக்கு மார்ட்டினியைப் போன்றிருந்தாலும் உள்ளமைப்பில் அதனின்று வேறுபட்டது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் சரியாகப் பொருந்துமென்று நம்ப முடியாது, உலோகத்தின் பலமும் ஒரே சீரானதன்று. அதைச் சுட்டுப் பார்க்க விரும்புகிறவரிடம் வேண்டாமென்றே சொல்வேன். உள்ளே உடைந்த விசைவில்லை மாற்ற நேர்ந்தால், பழைய விசைவில்லை எறியாமல் ஒரு சிறு பையிலிட்டு, மாற்றிய நாளையும் எழுதித் துப்பாக்கியுடனேயே வைத்து, அடுத்து வாங்குகிறவரிடம் அவற்றையும் ஒப்படைக்கட்டும்.