கதவைக் காட்டும் குச்சி மனிதன்

போன மாதம் எங்கள் வட்டாரத்துக் கோயில் திருப்பணிக்கான வாட்ஸ்அப் குழுவில் இருந்து ஒரு பெரியவரை நீக்கிவிட்டார்கள். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். கூரைக்கு வசூலான பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு? இரண்டு தடவை பணிவாகக் கேட்டார். மூன்றாவது தடவை கொஞ்சம் காட்டமாகக் கேட்டார். அடுத்த நிமிடம் அவர் குழுவில் இல்லை. “இங்கே பேசுவதற்குக்கூட உரிமை இல்லையா?” என்று ஓர் அக்கா எழுதினார். பதிலுக்கு, நிர்வாகத்தில் இருக்கும் பொறியாளர் தம்பி ஒருவர் ஒரு படத்தைப் போட்டார். குச்சி மனிதன் ஒருவன் நம்மைப் பார்த்துப் பேசும் படம். அதோடு குழு அடங்கிவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் படத்தை அந்தத் தம்பிக்கு அனுப்பிவைத்ததே நான்தான்.

கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ‘எக்ஸ்கேசிடி’ நன்றாகத் தெரிந்திருக்கும். இயற்பியல் படித்து, நாசாவில் வேலை பார்த்த ராண்டல் மன்ரோ என்ற அமெரிக்கர் 2005 முதல் இணையத்தில் வரைந்துவரும் சித்திரத் தொடர். முகமே இல்லாத குச்சி மனிதர்கள், கணக்கு, அறிவியல், காதல், கிண்டல். நான் சொல்லும் படம் அதில் 1357ஆவது. 2014 ஏப்ரல் 18 அன்று வெளியானது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மொசில்லா நிறுவனத்தின் புதிய தலைவர் பிரெண்டன் ஐக், பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் விலகினார். ஓரினத் திருமணத்துக்கு எதிரான இயக்கத்துக்கு 2008இல் அவர் கொடுத்த ஆயிரம் டாலர்தான் காரணம். ‘கருத்துச் சுதந்திரம் போயிற்று’ என்று ஒரு தரப்பு கூச்சலிட்ட நேரம் அது.

மன்ரோவின் குச்சி மனிதன் சொல்வதன் சாரம் இதுதான்: பேச்சுச் சுதந்திரம் என்றால் உன் பேச்சுக்காக அரசாங்கம் உன்னைக் கைது செய்யக்கூடாது, அவ்வளவே. மற்றவர்கள் உன் பேச்சைக் கேட்க வேண்டும், உனக்கு இடம் தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உன்னைத் திட்டினாலும் புறக்கணித்தாலும் நீக்கினாலும் உன் உரிமை பறிபோகவில்லை. கேட்பவர்களுக்கு உன்னைப் பிடிக்கவில்லை, வாசலைக் காட்டுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு.

முதன்முதலில் பார்த்தபோது கைதட்டினேன். இன்றும் அமெரிக்கச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் பெரிய பிழை இல்லை. 1791இல் ஏற்கப்பட்ட அவர்களுடைய முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. அண்டை வீட்டுக்காரரின் கையை அல்ல. இந்தப் பத்தியில்கூட ஆசிரியர் வெட்டும் வரிகள் உண்டு. அதற்காக நான் வழக்குப் போட முடியாது. (போட்டாலும் ஆசிரியர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.)

என் குறை முதலில் கதை சொன்ன விதத்தைப் பற்றியது. எக்ஸ்கேசிடியின் நல்ல படங்களில் பெரும்பாலும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் அறிவாளித்தனமாக ஏதாவது சொல்வார், மற்றவர் ஒரே வரியில் அவரைக் கவிழ்ப்பார். சிரிப்பு அந்த இரண்டாவது ஆளிடம்தான் இருக்கும். இந்தப் படத்தில் இரண்டாவது ஆளே இல்லை. ஒருவன் மட்டும் நின்று நமக்கு வகுப்பெடுக்கிறான். கதவு இருக்கிறது; வெளியே போகிறவன் எங்கே? அவன் என்ன சொன்னான்? இனவெறியைக் கக்கினானா, கூரைக் கணக்கு கேட்டானா? அந்த முகத்தை வரையாததால், யார் வேண்டுமானாலும் தனக்குப் பிடிக்காதவரை அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். படம் இவ்வளவு பேர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அரசாங்கம் கைது செய்யாது என்பதை முதல் கட்டத்திலேயே சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று நகர்ந்துவிடுகிறார். அவர் ஊரில் அது முடிந்துபோன சங்கதியாக அவருக்குத் தோன்றியிருக்கலாம். மலேசியாவில் உட்கார்ந்து படிக்கும் நமக்கு அந்த முதல் கட்டத்தைத் தாண்டவே முடியவில்லை.

நம் கேலிச்சித்திரக்காரர் ஸூனாரை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாகினியில் அவர் வரைந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மில் நிறைய பேர். 2010இல் அவருடைய நூல்களுக்கு உள்துறை அமைச்சு தடை விதித்தது. அந்தத் தடை செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2014 அக்டோபர் வரை ஆனது. அடுத்த ஆண்டே, அன்வார் வழக்கின் தீர்ப்பைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகத் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் அவர்மேல் 9 குற்றச்சாட்டுகள். எல்லாம் நிரூபணமானால் 43 ஆண்டு சிறை வரை போகலாம் என்ற நிலை. ஆட்சி மாறிய பிறகு, 2018 ஜூலையில்தான் அவை கைவிடப்பட்டன.

இதில் நான் கவனிக்கச் சொல்வது கைதை மட்டுமல்ல, கைதுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை. அவர் நூல்களை அச்சிட்டவர்களிடமும் விற்றவர்களிடமும் அதிகாரிகள் போய் எச்சரித்தார்கள். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சகம் நடத்த உரிமம் வேண்டும். உரிமத்துக்குப் பயந்து ஒரு முதலாளி “வேண்டாம் சார், வேறு இடம் பாருங்கள்” என்று சொன்னால், அது தனியார் காட்டும் கதவா, அரசாங்கம் காட்டும் கதவா? கதவைப் பிடித்திருக்கும் கை முதலாளியுடையது. தள்ளுவது யார்?

2016 நவம்பரில் பினாங்கில் நடந்தது இதைவிடத் தெளிவு. ஜோர்ஜ்டவுன் இலக்கிய விழாவை ஒட்டி ஸூனாரின் கண்காட்சி நடந்தது. ஒரு கும்பல் உள்ளே வந்து சத்தம் போட்டது, படங்களைச் சேதப்படுத்தியது. திட்டு வாங்குவது உரிமை மீறல் இல்லை என்கிறான் குச்சி மனிதன். சரி, திட்டியதை விட்டுவிடுவோம். மறுநாள் போலீஸ் பிடித்துப்போனது படம் வரைந்தவரை. ஜனங்களின் கோபம், அரசின் சட்டம் என்று இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் வரைய முடிகிற ஊரில் மன்ரோ இருக்கிறார். இங்கே ஒன்றின் தோளில் ஏறித்தான் மற்றொன்று வருகிறது.

படத்தின் மேல் சுட்டியை வைத்தால் இன்னொரு குறிப்பு எட்டிப் பார்க்கும். தன் கருத்தைக் காப்பாற்றப் பேச்சுச் சுதந்திரத்தைத் துணைக்கு அழைப்பவன், அந்தக் கருத்தைப் பேசுவது சட்டவிரோதம் அல்ல என்பதைத் தவிர வேறு நல்ல வாதம் இல்லை என ஒப்புக்கொள்கிறான் என்ற பொருளில் வரும். கெட்டிக்காரத்தனமான வரிதான். ஆனால் கணக்கு கேட்ட பெரியவரிடம் நல்ல வாதம் இருந்தது. கேட்க ஆள் இல்லாதபோதுதான் ஒரு மனிதர் ‘பேச விடுங்கள்’ என்ற இடத்துக்கு வருகிறார்.

சட்டம் தொடாத இடத்திலும் ஊர் சேர்ந்து வாயை அடைக்க முடியும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859லேயே எழுதிவிட்டார். மில்லைப் படிக்காவிட்டாலும் நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும்.

இனத்தையும் மதத்தையும் இழிவாகப் பேசுகிறவரைக் குழுவில் இருந்து தூக்குங்கள், நானே முதலில் கை தூக்குவேன். அட்மினுக்கு அந்த உரிமை உண்டு. உரிமை உண்டு என்பதாலேயே செய்தது நியாயம் ஆகிவிடாது. படம் இந்த இடைவெளியைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்தத் தம்பியைப் போன வாரம் அழைத்துப் பேசினேன். “அண்ணே, நீங்கள் அனுப்பிய படம்தானே?” என்றார். ஆமாம் என்றேன். பிறகு அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வியை, அவர் எழுதிய அதே வார்த்தைகளில், என் பெயரில் குழுவில் போட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல நிறம் காட்டுகிறது. இதை எழுதும் வரை என்னை யாரும் நீக்கவில்லை. கணக்கும் வரவில்லை.