நந்தன் பள்ளிக்கூடமும் நந்தன் கடையும்

சிதம்பரம் என்றால் நம்மவர்களுக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது கோவிலும், அதன் தென்புற வாசலில் நெருப்பு மூட்டி நந்தனை அதில் இறங்கச் செய்த கதையுமாகும். அந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். வயலில் உழைத்த மனிதன் கோவிலுக்குள் போவதற்கு, நெருப்பில் குளித்துப் பூணூலோடு எழுந்துவர வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஆனால் அதே ஊரில், அதே நந்தன் பேரால், 1916ஆம் வருஷம் இன்னொரு வாசல் திறக்கப்பட்டது. அதற்குள் போக நெருப்பு வேண்டியதில்லை. ஒரு சிலேட்டும் பலப்பமும் போதும். அதுதான் நந்தனார் கல்விக் கழகம். ஆரணிக்கடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த முனுசாமி என்பவர், சகஜானந்தர் என்ற பேரோடு சிதம்பரத்துக்கு வந்து அதை ஏற்படுத்தினார். அவருடைய காஷாயத்திலாவது, அவர் பேசிய தத்துவத்திலாவது நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் மற்றச் சாமியார்கள் ஊராரிடம் பணம் வாங்கி மடம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் ஊராரிடம் பணம் வாங்கி ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார் என்பதை மறைப்பது யோக்கியமாகாது. சட்டசபையிலும் பல வருஷம் இருந்து 1959இல் அவர் காலமானார். நந்தன் பேரால் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இன்று அங்கே அரசு மேல்நிலைப் பள்ளிகள் நடக்கின்றன. இந்தப் பக்கத்துச் சேரிகளில் முதன்முதல் கையெழுத்துப் போடக் கற்றவர்களில் அந்த வாசலில் நுழைந்தவர்கள் பலர்.

நிற்க, மேல்படிப்புக்காக அரசாங்கம் கொடுக்கும் உபகாரச் சம்பளமும் நேற்று வந்ததல்ல. வைசிராயின் நிர்வாக சபையில் டாக்டர் அம்பேத்கர் அங்கத்தினராயிருந்த காலத்தில், 1944இல் அது தொடங்கப்பட்டது. அதற்கு 'உபகாரம்' என்று பேர் வைத்ததே தப்பு என்பது நமது அபிப்பிராயம். தலைமுறை தலைமுறையாய் ஒருவனிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலியை ஏமாற்றியவன், பாக்கியில் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு உபகாரம் என்றா பேர்? அது கடன் தீர்ப்பது. அதையும் பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு கொடுத்தால் கடன் தீர்ப்பதுகூட ஆகாது.

ஆனால் நாம் இன்று சொல்ல வந்தது அதற்கு மேற்பட்ட விஷயமாகும். பிள்ளை படித்தாயிற்று, பட்டமும் வாங்கியாயிற்று. பிறகு எங்கே போகிறான்? இன்னொருவன் வாசலில் போய் வேலைக்கு நிற்கிறான். கடலூரிலாவது சிதம்பரத்திலாவது கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். மண்டியும், ஜவுளிக்கடையும், நகைக்கடையும், மருந்துக்கடையும், ஓட்டலும் யார் கையில் இருக்கின்றன? மூட்டை தூக்குகிறவன் யார், கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் யார்? பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்தவர்கள் யார், பருப்பை விற்றுப் பணக்காரரானவர்கள் யார்? நூறு வருஷப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகும் நந்தன் பேரனுக்கு ஒரு கடை இல்லையென்றால், பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவனுக்குச் சாமர்த்தியம் இல்லை என்று சிலர் சொல்லுவார்கள். வியாபாரி மகனுக்கு மாமன் மண்டியில் சரக்கு கடனாகக் கிடைக்கிறது. சித்தப்பன் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான். நஷ்டம் வந்தால் மைத்துனன் தாங்குகிறான். இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் உலகம் 'சாமர்த்தியம்' என்று பேர் வைத்திருக்கிறது. சேரியில் பிறந்தவனுக்கு மாமன் உண்டு, ஆனால் மண்டி இல்லை. சித்தப்பன் உண்டு, ஆனால் அவன் கையெழுத்தைப் பாங்குக்காரன் மதிப்பதில்லை. இதையெல்லாம் தாண்டி ஒருவன் ஓட்டல் வைத்துவிட்டாலும், சமைத்தவன் யார் என்று விசாரித்துவிட்டுச் சாப்பிட வருகிற புத்தி இன்னும் ஒழிந்தபாடில்லை.

இதற்கு வழி இல்லாமலில்லை. தெற்கே நாடார் சமூகத்தார் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. 1897இல் கமுதிக் கோவிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் வழக்குப் போடப்பட்டது. கோர்ட்டுக்குக் கோர்ட்டு ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் தோற்றார்கள். சாமியைப் பார்க்கச் செலவழித்த பணம் போனது போனதுதான். ஆனால் அவர்களே கடைக்குக் கடை மகமை வசூலித்து, விருதுநகரில் 1889இல் ஏற்படுத்திய பள்ளிக்கூடம் நின்றது. காமராஜர் படித்தது அதில்தான். 1910இல் மகாஜன சங்கம் கண்டார்கள். 1921இல் தூத்துக்குடியில் சொந்தமாகவே ஒரு பாங்கும் வைத்தார்கள். அதுவே 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு. கோவில் கதவு செய்யாததைக் கடைக் கல்லாவும் பள்ளிக்கூடமும் செய்தன. ஜாதிச் சங்கம் வையுங்கள் என்று நாம் சிபார்சு செய்யவில்லை. வியாபாரத்திலிருந்து படிப்புக்கும், படிப்பிலிருந்து வியாபாரத்துக்கும் பணம் சுற்றிவந்த வழியைப் பாருங்கள் என்றே சொல்லுகிறோம். அமெரிக்காவிலும் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பு மக்களுக்கென்று புக்கர் வாஷிங்டன் 1881இல் டஸ்கீகியில் பள்ளிக்கூடம் தொடங்கி, மாணவர்களைக் கொண்டே செங்கல் அறுத்துக் கட்டிடம் எழுப்பினார். அதோடு நில்லாமல் 1900இல் கறுப்பு வியாபாரிகளுக்கென்று ஒரு சங்கமும் ஏற்படுத்தினார்.

நமது நாட்டிலும் சட்டத்தில் இடம் இல்லாமல் போகவில்லை. தாட்கோ 1974 முதல் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் தொடங்க 100க்கு 35 வீதம் முதலீட்டு மானியமும், 6 வீதம் வட்டிச் சலுகையும் தரும் அண்ணல் அம்பேத்கர் பேரிலான திட்டம் 2023இல் வந்தது. மத்திய அரசு ஸ்தாபனங்கள் தாங்கள் வாங்கும் சரக்கில் 100க்கு 4 பங்கை இவர்களுடைய சிறுதொழில்களிடமிருந்து வாங்கவேண்டுமென்று 2012 முதல் உத்தரவு இருக்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் மத்திய அரசு ஸ்தாபனந்தானே! அது இந்த ஜில்லாவிலேயே இருக்கிறது. வாங்கச் சொல்லி உத்தரவு இருந்தும், விற்க நம்மவர் கையில் சரக்கு இருக்கவேண்டாமா? பாங்குக்காரர் கேட்கும் கைமுதல் இல்லாதவனுக்கு மானியம் என்பது எட்டாத மரத்துப் பழமேயாகும்.

ஆகவே, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பொதுவாக ஒரு நிதி ஏற்படவேண்டும் என்பது நமது யோசனை. உபகாரச் சம்பளத்தில் படித்து இன்று உத்தியோகத்திலிருக்கும் ஒவ்வொருவரும் மாதம் ஒரு நாள் சம்பளத்தை அதில் போடட்டும். வசூலில் பாதி மாணவர்களுக்கு. அதிலும் பெண்களுக்கு முதலிடம். மறுபாதி, கடையோ பட்டறையோ அச்சுக்கூடமோ தொடங்குகிறவர்களுக்கு வட்டியில்லாத கைமுதல். அவர்கள் திருப்பிக் கட்டுவது மறுபடியும் மாணவர்களுக்குப் போகட்டும். மாதாமாதம் வரவு செலவைச் சுவரில் ஒட்டட்டும். பணம் வாங்குகிற பிள்ளையை மேடையில் நிறுத்திப் படம் பிடிக்கும் அசிங்கம் மட்டும் வேண்டாம்.

இப்படி நிதி வைத்தால் ஜாதி வளராதா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீராணத்துத் தண்ணீர் கடைமடைக்கு எட்டவில்லையென்றால், கடைமடைக்கென்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். அதனால் கடைமடை என்கிற பேதம் வளர்ந்துவிட்டதென்று எந்த மிராசுதாரரும் அழுததில்லை. பயிர் ஒன்றாய் விளைந்தபின் முறை தானாகவே நின்றுபோகும்.

கடைசியாக, நிதிக்குப் பணம் போட முடியாதவர்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அப்படி ஒரு கடை திறந்தால் அங்கே போய்ச் சரக்கு வாங்குங்கள். ஓட்டல் திறந்தால் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுங்கள். ஜாதி ஒழிக என்று மேடையில் நூறு தடவை சொல்லுவதைவிட, நந்தன் பேரன் கல்லாவில் ஒரு ரூபாயை வைத்துவிட்டுச் சாமான் வாங்கி வருவது மேலான பிரசாரமாகும்.