டெல்லியிலிருந்து ஒரு போன்

சத்திரத்துல 1-ம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனா, துலுக்க நாச்சியார் சந்நிதியை மிஸ் பண்ணாதீங்க. ரங்கநாதர் மேல காதலாகி டெல்லியிலிருந்து கிளம்பி வந்த சுல்தான் மகள் என்பது ஐதீகம். அவருக்காகப் பெருமாளுக்கே ரொட்டி நைவேத்யம்! மதம், மொழி, தூரம் எதுவும் குறுக்கே நிக்கலை. ஆனா ஒண்ணு கவனிங்க, இளவரசி நேர்லயே வந்தாங்க.

சாட்டில் சிக்கிய உங்க லண்டன் டாக்டர் வருவாரா? பார்சல்தான் வரும். வீடியோ கால்னா கேமரா ரிப்பேர். ரெண்டாவது வாரமே கல்யாணப் பேச்சு. என்ன அவசரம்னு கேட்டா, 'எங்க ஊர்ப் பழக்கம்' என்பார். வீட்ல சொல்லாதேன்னா அதுவும் பழக்கம்! இங்கேதான் கோட்டை விடுறோம். பக்கத்து டிபார்ட்மென்ட் பையன் சொன்னா பளிச்சுனு தெரியற புளுகு, ஆக்சென்ட்டோட வந்தா கலாசாரமாத் தெரியுது.

அப்புறம் 'டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ்'னு ஒரு பெண் குரல். நகையும் பவுண்டு நோட்டும் வந்திருக்கு, வரி கட்டுங்க. கட்டினா, அடுத்த வரி. நிஜ கஸ்டம்ஸ் போன்ல கூப்பிட்டு, யாரோ தனிநபர் அக்கவுன்ட்ல பணம் போடச் சொல்லாது. 2019 நவம்பரிலிருந்து அவங்க கடிதங்களுக்கு 'டின்'னு ஒரு அடையாள எண் உண்டு. சிபிஐசி இணையதளத்துல சரிபார்த்துடலாம்.

பணம் போயிடுச்சா? ஹாஸ்டல் ரூமைப் பூட்டிக்கிட்டு அழாம, உடனே 1930-க்கு அடிங்க. சீக்கிரம் சொன்னா, கைமாறுறதுக்குள்ள பணத்தை முடக்க வாய்ப்பிருக்கு. அப்பாகிட்ட திட்டு அப்புறமா வாங்கிக்கலாம்.