ஆபரேஷனுக்கு முன்னாடி ஏன் இத்தனை ஸ்கேன்? - கெடார் பெரியம்மாவின் கேள்வி

கெடாரிலிருந்து பெரியம்மா போன் செய்தார். வழக்கமாக மழை, மல்லாட்டை விலை, யார் வீட்டில் கல்யாணம் என்று ஆரம்பிப்பவர், அன்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, பத்திரிகையில வேலை செய்யுற இல்ல, நீ சொல்லு. மார்ல கட்டி. ஊசி வெச்சு சதை எடுத்து கேன்சர்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கே அறுத்து எடுத்துற வேண்டியதுதானே? அந்த ஸ்கேனு, இந்த ஸ்கேனுனு அலைய விடுறாங்க. அதுக்குள்ள பரவிடாதா?"

கட்டி முதலில் மல்லாட்டை அளவுதான் இருந்ததாம். பேரன் காதுகுத்து முடியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எலுமிச்சம்பழத்தைத் தாண்டிவிட்டது. அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. இதற்கிடையில், வேறொரு இடத்தில் 'நாளைக்கே எடுத்துடலாம்' என்று சொல்ல, அண்ணன் முன்பணம் கட்டக் கிளம்பிவிட்டார். "ஒரு நாள் பொறு" என்று அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு, தெரிந்த டாக்டர்களிடம் பேசினேன், படித்தேன். பெரியம்மாவிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். "எழுது, பேரு மட்டும் போடாத" என்று அனுமதியும் கொடுத்துவிட்டார்.

பயாப்ஸி சொல்வது 'இது புற்றுநோயா, எந்த வகை' என்பதை. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்வது ஸ்கேன். டாக்டர்கள் மூன்று விஷயம் பார்க்கிறார்கள். கட்டி 2 செ.மீ-க்குள்ளா, 5 செ.மீ-யைத் தாண்டியதா, தோலையோ நெஞ்சுச் சுவரையோ தொட்டதா? அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா? எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று தூரத்து உறுப்புக்குப் போயிருக்கிறதா? இதை வைத்துத்தான் ஒன்று முதல் நான்கு வரை 'ஸ்டேஜ்' போடுவார்கள்.

மேமோகிராம் இரண்டு மார்பிலும் எடுக்க வேண்டும். ஒரு பக்கம்தானே கட்டி என்று விடக் கூடாது. இளம் பெண்களுக்கு மார்பு திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துகொள்ளும். அங்கே அல்ட்ரா சவுண்டு கைகொடுக்கும். அக்குளையும் அதிலேயே பார்ப்பார்கள்.

பெரிய ஸ்கேன்கள் எல்லோருக்கும் தேவையில்லை என்பதுதான் எனக்கே புதிய செய்தி. சின்னக் கட்டி, முதல் இரண்டு ஸ்டேஜ், உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால், பெட் ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. 'முழு உடம்பையும் பார்த்துடுங்க' என்று நாமே கேட்டு வாங்குவது பணத்துக்கும் கேடு, நிம்மதிக்கும் கேடு. ஆனால் பெரியம்மாவுக்குக் கட்டி 5 செ.மீ-க்கு மேல், அக்குளிலும் முடிச்சு. அது மூன்றாம் ஸ்டேஜ் கணக்கு. அவருக்கு சி.டி-யும் எலும்பு ஸ்கேனும், அல்லது இரண்டுக்கும் பதிலாக பெட்-சி.டி-யும் அவசியம்.

ஏன் அவசியம்? மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில், கண்டுபிடிக்கும்போதே உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவிவிட்டிருந்த 350 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மார்பிலும் அக்குளிலும் அறுவை சிகிச்சை, மீதிப் பேருக்கு அது இல்லை. 2015-ல் முடிவு வந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. அதாவது, ஏற்கெனவே பரவியிருந்தால் அவசரமாக மார்பை எடுப்பதால் ஆயுள் நீளாது. உடம்பு முழுக்கப் போகும் மருந்துதான் முதல் வேலை. ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைத்தால் இது எப்படித் தெரியும்?

பரவவில்லை என்றாலும், பெரிய கட்டிக்கு முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகு அறுவை சிகிச்சை செய்வது உண்டு. சில பேருக்கு மார்பை முழுசாக எடுக்காமலே முடியும். கீமோவில் கட்டி கண்ணுக்கே தெரியாமல் போவதும் உண்டு என்பதால், ஆரம்பத்திலேயே கட்டிக்குள் சின்ன உலோக கிளிப் வைத்து அடையாளம் செய்கிறார்கள். பொங்கலுக்குள் வயலில் நட்டுவைத்த எல்லைக்கல் மாதிரி என்று சொன்னேன். "அதுக்கு ஏன் பொங்கல்?" என்று கேட்டார். சரிதான், எனக்கும் தெரியவில்லை.

'அதுக்குள்ள பரவிடாதா' என்ற பயம் நியாயமானது. ஆனால் பெரும்பாலும் இது பல மாதம், சில வருடம் உள்ளே வளர்ந்த கட்டி. சரியான திட்டம் போடப் போகும் இரண்டு, மூன்று வாரம் பெரிய நஷ்டமில்லை. காதுகுத்துக்காகக் காத்திருந்த மாதங்கள்தான் நஷ்டம். அதைப் பெரியம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை. ஊசி வைத்துப் பார்த்ததால் பரவிவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம்.

பெட் ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு: கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். அதனால் நாலைந்து மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் ஓய்வு. அந்த மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும் என்றாலும், அன்று சில மணி நேரம் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கம் போகாதீர்கள். காப்பீட்டு அட்டையை முதல் நாளே காட்டி, எந்த ஸ்கேன் அதில் வரும் என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. காசநோய் முடிச்சும் ஒளிரும், சாதாரணக் கிருமித் தொற்றும் ஒளிரும். எலும்பு ஸ்கேனில் மூட்டுத் தேய்மானமும் தெரியும். பெரியம்மாவுக்கு முதுகெலும்பில் ஒரு புள்ளி வந்தது. நாலு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், களையெடுத்துக் களையெடுத்துத் தேய்ந்த எலும்பு.

அண்ணன் முன்பணம் கட்டவில்லை. கிளிப் வைத்து, கீமோ ஆரம்பித்துவிட்டது. ஸ்கேன் படங்களை எல்லாம் ஜவுளிக்கடை கட்டைப்பையில் போட்டு, விழுப்புரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போகிறாராம். மூன்றாவது ஊசி வருகிற வியாழக்கிழமை.