காய்ச்சினால் புளோரைடு போகுமா?

''எங்கள் போர்வெல் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. ஆனால், பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. வீட்டுக்காரருக்கு 45 வயதிலேயே முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போக முடிவதில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகுமா?''

- வாசகி, தர்மபுரி மாவட்டம்.

காய்ச்சினால் கிருமிதான் சாகும். பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். புளோரைடு கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் சிறுவயதில் பல்லில் கறை படியும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். வாரம் இரண்டு நாள் கூலி போனால், வருஷத்துக்கு 104 நாள் வருமானம் போகிறது. மருந்துச் செலவு தனி. உழைக்கிற குடும்பம் கடனில் விழ இதுவே போதும்.

முதல் வேலை, பரிசோதனை. மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தால், புளோரைடு அளவைச் சொல்லிவிடுவார்கள். மூட்டுவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், முடிவை டாக்டரிடம் காட்டுங்கள்.

புளோரைடு பிரச்னைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அந்தத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால், குறைவாக வந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்குங்கள். சோறும் பருப்பும் போர்வெல் தண்ணீரில் வெந்தால் புளோரைடு உள்ளேதான் போகும். குளிக்க, துவைக்க போர்வெல் தண்ணீர் போதும்.

மழைநீரையும் விடாதீர்கள். 200 சதுர அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 150 லிட்டர் சேரும். ஐந்து பேர் குடிக்க, சமைக்க நாளைக்கு 25 லிட்டர் என்றால், ஆறு நாளைக்கு ஆகும். முதல் மழையைக் கழித்துவிட்டு, வடிகட்டி, மூடிவைத்துக் காய்ச்சிக் குடியுங்கள்.

ராகி, மோர், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் தினச் சாப்பாட்டில் இருக்கட்டும். படிந்த கறை தானாக மறையாது. ஆனால், 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், இன்றே தண்ணீரை மாற்றுங்கள். இனி முளைக்கும் பற்களைக் காப்பாற்றலாம்.